ஊத்தங்கரை பஸ்ஸின் ஹார்ன்

வெள்ளிக்கிழமை நள்ளிரவு பன்னிரண்டுக்கு வந்தது
முனிரத்னாவின் இரண்டாவது ஆல்பம்.
கடையைச் சாத்தாமல் காத்திருந்தேன்.
டிஸ்ப்ளே கழற்றிய மூன்று போன்கள்
மேசையில் வாய் பிளந்து கிடந்தன.

முதல் ஆல்பம் இந்தக் கடைக்கு மேலே,
பழையபேட்டையில், சிமென்ட் ஷீட் அறையில் பதிவானது.
சுவர் முழுக்க முட்டை அட்டை.
பரோட்டாக் கடை ஜெயவேலு சும்மா கொடுத்தது,
ஆறு பாட்டுக்கும் அதே வாசனை.
கேட்பவர்களுக்குத் தெரியாது.
எனக்கு இன்னும் அடிக்கும்.

மே மாதம். ஃபேனை நிறுத்தினால்தான் பதிவு.
மாங்கூழ் ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து
நகக்கண்ணில் மஞ்சளோடு வருவாள்.
துப்பட்டாவில் வியர்வை ஒற்றும் சரசரப்பு
இரண்டாவது பாட்டில் விழுந்திருக்கிறது,
பல்லவி திரும்பும் இடத்தில்.
மூன்றாவது பாட்டில்
காலை ஐந்தரை மணி ஊத்தங்கரை பஸ்
ரவுண்டானா வளைவில் அடித்த ஹார்ன்.
"எடுத்துடலாமா?"
"இருக்கட்டும் பாய், சுதியிலதான் இருக்கு."
இல்லை. அரைக்கட்டை கீழே இருந்தது.
இருவருக்கும் தெரியும்.

இப்போது எட்டுப் பாட்டு.
பெங்களூரில் பதிவு, சென்னையில் மிக்ஸிங்,
மாஸ்டரிங் ஏதோ வாயில் நுழையாத ஊர்.
மூச்சே கேட்கவில்லை.
ஒரு வரியும் அடுத்த வரியும்
நடுவில் ஆள் இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன,
பாலிஷ் போட்ட கிரானைட் மாதிரி.
குனிந்து பார்த்தால் முகம் தெரிகிறது,
என் முகம்.

முதல் பாட்டு முடிவதற்குள் மெசேஜ்.
லண்டன்பேட்டை அஸ்லம்: 'பழைய ரத்னா செத்துட்டா.'
காவேரிப்பட்டணம் கோபிநாத்: 'காசு வந்தா குரல் போயிடும்.'
இரண்டுக்கும் கட்டைவிரல் உயர்த்தினேன்.

உயர்த்திய பிறகுதான் நான்காவது பாட்டு வந்தது.
அதில் அவள் தூங்குகிறாள்.
அவ்வளவுதான் பாட்டு.
ஞாயிற்றுக்கிழமை, பதினொரு மணி வரை,
ஷிப்ட் வேன் நுழையாத தெருவில்,
ஏசி இருபத்து நாலில்.
அம்மாவுக்கு வாங்கிய ஃபிரிட்ஜ் வருகிறது,
அதை அடிக்கடி திறந்து
குளிரை முகத்தில் வாங்கிக்கொள்ளும் அம்மாவும்.
முதல் ஆல்பத்தின் பசி எங்கே என்று தேடினேன்.
தேடும்போதே வெட்கமாக இருந்தது.
பசியில் பாடினால்தான் குரல் என்று
சாப்பிட்டு முடித்தவர்கள்தான் சொல்கிறோம்.
என் எதிரே பார்சல் பிரியாணியின் வாழையிலை.

நன்றிப் பட்டியலில் பதினேழாவது:
'தஸ்தகிர், கிருஷ்ணகிரி.'
கீ இல்லை, கி.
என் பெயரில் ஒரு மாத்திரை குறைந்துவிட்டது.
பாட்டில் இப்படி விட்டிருந்தால்
மறுபடி பாடச் சொல்லியிருப்பேன்.
சொல்லியிருக்கிறேன்.
ஒரே வரியைப் பதினோரு தடவை.
பன்னிரண்டாவது தடவை அழுதுகொண்டே பாடினாள்.
அதைத்தான் வைத்தேன்.
எல்லோரும் புகழ்ந்தது அந்த வரியைத்தான்.

எட்டாவது பாட்டு, கடைசி நிமிடம்.
கீபோர்டில் இரண்டு சுரம்,
ஒன்று நீளம், ஒன்று குட்டை,
சுத்தமான சுதியில்.
அந்த ஸ்டுடியோவில் எவனுக்கும் தெரிந்திருக்காது.
ஹார்ன்தானா?
பத்துத் தடவை போட்டுக் கேட்டேன்.
ஆறு தடவை ஹார்ன்.
நாலு தடவை வெறும் கீபோர்ட்.

காலையில் ஒருவர் வந்தார்,
கே.ஆர்.பி. அணையில் விழுந்த போனோடு.
அரிசிக்குள் புதைத்து வைத்தாராம்,
சார்ஜ் ஓட்டையில் ஒரு குருணை.
ஸ்பீக்கர் மாற்றினால்
மூன்றாவது பாட்டைப் போட்டுத்தான் சோதிப்பேன்,
நாலு வருஷப் பழக்கம்.
மேலேயும் கீழேயும் இழுக்கும்,
குறை இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும்.
விரல் பட்டியலில் கொஞ்சம் நின்றது.
புதியதில் நான்காவதை அழுத்தினேன்.
அவள் தூங்கினாள்.

"சத்தம் சரியா வருதா?"
போனைக் காதோரம் வைத்தபடி அவர்
கையால் என்னை அமர்த்தினார்.
"இருங்க, முடியட்டும்."